பதினைந்து ஆண்டு வாடகை உறுதி, பதினாறாம் ஆண்டு?

புதிதாகக் கட்டிய ஒரு கட்டடத்தைப் பல்கலைக்கழகமோ காப்புறுதி நிறுவனமோ மாநில அரசோ பத்து, பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு மொத்தமாக வாடகைக்கு எடுக்கும்போது, அந்தக் கட்டடத்தை வாங்குபவர் உண்மையில் இரண்டு பொருட்களுக்கு விலை கொடுக்கிறார். ஒப்பந்தக் காலம் முழுவதும் தவறாமல் வந்துசேரும் வாடகை ஒன்று. ஒப்பந்தம் முடிந்தபின் எஞ்சி நிற்கும் கட்டடமும் நிலமும் மற்றொன்று. முதலாவதன் கணக்கு எளிது. விற்பனைக் குறிப்பேடுகளில் பெரிய எழுத்தில் அச்சாவதும் அதுதான். இரண்டாவதைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது. ஆனால் இந்த வகை முதலீட்டில் வருவாய் எவ்வளவு என்பதை இரண்டாவதே தீர்மானிக்கிறது.

சுவிட்சர்லாந்தின் நடுப்பகுதியில் உள்ள லுசேர்ணில் இதை நேரில் பார்த்துப் படிக்கலாம். அங்கே வாடகைதாரராகவும் முதலீட்டாளராகவும் இருப்பவை பெரும்பாலும் நிறுவனங்களே. விபத்துக் காப்புறுதி நிறுவனமான சுவா, மருத்துவக் காப்புறுதி நிறுவனமான சிஎஸ்எஸ், மாநில அரசு, அதன் ஊழியர்களுக்கான லுசேர்ண் ஓய்வூதிய நிதியம், உயர்கல்வி நிறுவனங்கள் என்று அந்தப் பட்டியல் நீளும்.

ஒரே வாடகைதாரர், மூன்று கட்டடங்கள்

லுசேர்ண் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம் லுசேர்ண், ஊரி, ஸ்வீட்ஸ், ஒப்வால்டன், நிட்வால்டன், சுக் ஆகிய ஆறு மாநிலங்கள் சேர்ந்து நடத்தும் நிறுவனம். தன் துறைகள் எல்லாவற்றையும் அது சொந்தக் கட்டடங்களில் வைத்திருக்கவில்லை.

அதன் இசைத் துறை நெடுங்காலம் நகரின் பல மூலைகளில் சிதறிக் கிடந்தது. 2020 இலையுதிர் காலத்தில் நகர எல்லையை ஒட்டிய கிரியன்ஸில், சூட்போல் பண்பாட்டு மையத்தின் அருகே எழுந்த புதிய கட்டடத்தில் அது ஒன்றுசேர்ந்தது. அதைக் கட்டியது லுசேர்ண் ஓய்வூதிய நிதியம், பல்கலைக்கழகம் வாடகைதாரர். பயிற்சி அறைகளும் வகுப்பறைகளும் மட்டுமன்றி ஒரு சிற்றிசை அரங்கும் ஜாஸ் இசைக்கான இடமும் அதனுள் இருக்கின்றன.

வடிவமைப்பு, கலைத் துறை 2016இல் எம்மன்புரூக்கவுக்குச் சென்றது. 1906இல் தொடங்கிய விஸ்கோஸ் செயற்கை இழை ஆலையின் வளாகம் இன்று விஸ்கோசிஸ்டட் என்ற பெயரில் புதிய நகர்ப் பகுதியாக மாறிவருகிறது. அங்கிருந்த ஆலைக் கட்டடம் ஒன்று கல்விக்கூடமாகப் புதுப்பிக்கப்பட்டது. 2019இல் பக்கத்துக் கட்டடமும் சேர்ந்துகொண்டது.

மூன்றாவது, பக்கத்து மாநிலமான சுக்கில், ரயிலில் கால்மணி நேரத் தொலைவில் உள்ள ரோட்கிரோய்ஸ். 2016இல் தகவல் தொழில்நுட்பத் துறையும் 2019இல் நிதிக் கல்வியும் அங்குள்ள சூர்ஸ்டோஃபி வளாகத்தில் குடியேறின. உரிமையாளர் சுவிஸ் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட சுக் எஸ்டேட்ஸ். பல்கலைக்கழகம் இயங்கும் ஆர்போ கட்டடம் பெரும்பகுதி மரத்தால் ஆனது. 15 மாடி, 60 மீட்டர் உயரம்.

வாடகைதாரர் ஒருவரே. செலுத்தும் வலிமையும் ஒன்றே. ஆனாலும் இந்த மூன்று கட்டடங்களுக்கும் ஒரே வருவாய் வீதத்தை வைத்து விலை சொல்வது தவறு. உயரமான தளங்களும் அகன்ற கூடங்களும் கொண்ட பழைய ஆலையில் இன்று ஓவியம் கற்பிக்கலாம். நாளை அலுவலகம் நடத்தலாம். மறுநாள் ஆய்வுக்கூடமோ பட்டறையோ வைக்கலாம். மரக் கோபுரம் அலுவலகமாகவே வடிவமைக்கப்பட்டது. அதை நிறுவனங்களுக்கு மாடி மாடியாகப் பிரித்துக் கொடுக்க முடியும். இசைக் கல்லூரியின் நிலை வேறு. ஒரு அறையின் டிரம்ஸ் ஓசை அடுத்த அறையின் வயலினைக் கெடுக்காதபடி சுவரும் தளமும் கதவும் கட்டப்பட்ட இடத்தை வேறு எவர் அதே வாடகைக்கு எடுப்பார்? ஓய்வூதிய நிதியத்துக்கு அது பொருத்தமான முதலீடுதான். ஐம்பது ஆண்டுக் கணக்கில் ஓய்வூதியம் கொடுக்க வேண்டிய நிதியமும், அவ்வளவு காலம் அதே ஊரில் இசை கற்பிக்கப்போகும் நிறுவனமும் ஒன்றுக்கொன்று ஏற்றவை. பன்னிரண்டு ஆண்டில் விற்றுவிட நினைக்கும் தனி முதலீட்டாளருக்கு அதே கட்டடம் ஏற்றதல்ல.

விளம்பரத்தில் வரும் வீதம்

கணக்கின் போக்கைக் காட்ட ஒரு கற்பனைக் கட்டடத்தை எடுத்துக்கொள்ளலாம். பரப்பு 5,000 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஆண்டு வாடகை 200 பிராங்க். ஆக ஆண்டுக்கு 10 லட்சம் பிராங்க். ஒப்பந்தம் 15 ஆண்டு. விலை 25 மில்லியன், அதாவது இரண்டரைக் கோடி பிராங்க். விளம்பரம் இதை 4 விழுக்காடு வருவாய் என்று சொல்லும்.

முதல் வெட்டு, வாங்கும்போதே விழுகிறது. லுசேர்ண் மாநிலத்தில் சொத்துக் கைமாற்ற வரி 1.5 விழுக்காடு, இங்கே 3,75,000 பிராங்க். பத்திரம், பதிவு, ஆய்வு, ஆலோசனைச் செலவுகளையும் சேர்த்தால் முதலீடு 25.5 மில்லியன் என்று கொள்ளலாம். நிர்வாகம், காப்புறுதி, உரிமையாளர் தலையில் விழும் பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 1,25,000 போனால் கையில் நிற்பது 8,75,000, வீதம் 3.43.

இங்கேயே நிறுத்திவிடும் கணக்குகள் ஏராளம். புதிய கட்டடத்தில் முதல் பத்தாண்டுகளுக்குப் பெரிய செலவு வராது என்பது உண்மை. ஆனால் கூரை, முகப்பு, மின்தூக்கி, வெப்ப அமைப்பு எல்லாம் முதல் நாளிலிருந்தே தேய்கின்றன. செலவு வராத ஆண்டுகளின் வருவாயைக் கட்டடத்தின் இயல்பான வருவாய் என்று எண்ணுவதுதான் புதிய சொத்துகளில் நேரும் முதல் பிழை. கட்டுமான மதிப்பை 18 மில்லியன் என்று வைத்து, அதில் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு, அதாவது 1,80,000 ஒதுக்கினால் மிஞ்சுவது 6,95,000. வீதம் 2.73 ஆகிறது.

இதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்தப் பத்து லட்சம் உண்மையிலேயே பத்து லட்சமா? பெரிய வாடகைதாரரை இழுக்க முதல் ஆண்டு வாடகையை விட்டுக்கொடுப்பதும், உள்அலங்கார வேலைக்குப் பணம் தருவதும் வழக்கம். பதினைந்தில் ஓராண்டு வாடகை போனால் உண்மைச் சராசரி 9,33,000தான். இந்தச் சலுகைகள் பிரதான ஒப்பந்தத்தில் இல்லாமல் துணை ஆவணம் ஒன்றில் ஒதுங்கி இருப்பது உண்டு. கட்டடத்தை வாங்குபவர் அந்தத் துணை ஆவணங்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

விலைவாசியோடு ஏறும் வாடகை

சுவிஸ் கடப்பாட்டுச் சட்டப்படி, வாடகையை விலைவாசியோடு இணைக்க வேண்டுமானால் ஒப்பந்தம் குறைந்தது ஐந்து ஆண்டுக்கானதாக இருக்க வேண்டும். அளவுகோலாகத் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணை மட்டுமே கொள்ளலாம். ஆண்டுதோறும் முன்கூட்டியே குறித்த தொகையில் வாடகையை ஏற்றுவதாக இருந்தால் மூன்று ஆண்டு ஒப்பந்தம் போதும். ஆனால் உயர்வு ஆண்டுக்கு ஒருமுறைதான், அதுவும் பிராங்க் தொகையாக எழுதப்பட வேண்டும். நிறுவனக் குத்தகைகளில் பெரும்பாலும் சுட்டெண் முறையே கையாளப்படுகிறது.

சுட்டெண் இணைப்பு என்பதைக் கேட்டதும் இந்திய, இலங்கை வாசகருக்கு ஆண்டுக்கு ஐந்தாறு விழுக்காடு உயர்வு நினைவுக்கு வரும். சுவிஸில் அப்படி இல்லை. 2015இல் அங்கே விலைவாசி 1.1 விழுக்காடு இறங்கியது, 2016இல் 0.4, 2020இல் 0.7 என்று மீண்டும் இறங்கியது. அந்த ஆண்டுகளில் சுட்டெண்ணை நம்பி வாடகை உயர்வைக் கணக்கில் எழுதியவர்கள் ஏமாந்தார்கள். 2022இல் 2.8, 2023இல் 2.1 என்று ஏறியபோதுதான் அந்த விதிக்கு உயிர் வந்தது. அந்த இரண்டு ஆண்டுகளின் உயர்வு முழுவதும் வாடகையில் சேர்ந்தால் பத்து லட்சம் ஏறக்குறைய 10,49,600 ஆகும். உயர்வில் 80 விழுக்காடு மட்டுமே சேரும் என்று எழுதியிருந்தால் 10,39,700. ஆண்டுக்குப் பத்தாயிரம் பிராங்க் வேறுபாடு. ஒப்பந்தம் முடியும்வரை அது தொடரும். 2024இல் விலைவாசி உயர்வு மீண்டும் 1.1க்கு இறங்கிவிட்டது. நீண்ட காலக் கணக்கில் ஆண்டுக்கு அரை முதல் ஒரு விழுக்காட்டுக்கு மேல் வாடகை உயர்வை எழுதிக்கொள்வது துணிச்சலே தவிர விவேகமல்ல.

விலக்கு பெற்ற வாடகைதாரரும் சிக்கிக்கொள்ளும் வரியும்

பல முதலீட்டாளர்கள் தவறவிடும் இடம் மதிப்புக்கூட்டு வரி. இந்த வரியே நிறுவன வாடகைதாரரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது.

சுவிட்சர்லாந்தில் கட்டட வாடகைக்கு இயல்பாக இந்த வரி இல்லை. ஆனால் வாடகைதாரர் இடத்தைக் குடியிருப்புக்காக மட்டும் பயன்படுத்தாதபோது, உரிமையாளர் தாமாக விரும்பி வாடகையை வரிக்கு உட்படுத்தலாம். அப்படிச் செய்தால் கட்டுமானத்தின்போது கட்டிய வரியைத் திரும்பப் பெறலாம். மென்பொருள் நிறுவனமோ வணிக நிறுவனமோ வாடகைதாரர் என்றால் எவருக்கும் இழப்பில்லை: வாடகையோடு கட்டும் வரியை அந்த நிறுவனம் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும்.

கல்வி, மருத்துவம், காப்புறுதி ஆகிய சேவைகள் இந்த வரியிலிருந்து விலக்கு பெற்றவை. விலக்கு பெற்ற நிறுவனத்தால் தான் கட்டிய வரியைக் கழிக்க முடியாது. எனவே வாடகை மேல் வரி சேர்ந்தால் அது அந்த நிறுவனத்துக்கு அப்படியே கூடுதல் செலவு. பேச்சுவார்த்தையில் அது வேண்டாம் என்றே சொல்லும். விளைவு, கட்டுமானத்தில் கட்டிய வரி உரிமையாளரின் தலையில் தங்கிவிடுகிறது.

2024 ஜனவரி முதல் இந்த வரி 8.1 விழுக்காடு. நமது கற்பனைக் கட்டடத்தையே கட்டுபவரின் பக்கமிருந்து பார்க்கலாம். நிலம் 5.5 மில்லியன், கட்டுமானம் வரிக்கு முன் 18 மில்லியன். வரி திரும்பக் கிடைத்தால் மொத்த அடக்கம் 23.5 மில்லியன், அதே பத்து லட்சம் வாடகைக்கு வீதம் 4.26. வரி திரும்பாவிட்டால் அடக்கம் 24.96 மில்லியனாகி வீதம் 4.01க்கு இறங்குகிறது. வாடகைதாரர் ஒரு பல்கலைக்கழகம் என்ற ஒரே காரணத்தால் கால் விழுக்காடு போய்விடுகிறது. அதை வாடகையில் ஈடுசெய்யாமல் கையெழுத்திடும் கட்டுநர், நல்ல பெயருள்ள வாடகைதாரருக்குத் தன் பணத்தில் பதினான்கரை லட்சம் பிராங்க் தள்ளுபடி கொடுத்தவராகிறார்.

கட்டி முடித்த கட்டடத்தை வாங்குபவருக்கும் இதில் ஒரு பொறி இருக்கிறது. திரும்பப் பெற்ற வரி இருபது ஆண்டில், ஆண்டுக்கு இருபதில் ஒரு பங்காகத்தான் தீர்ந்ததாகக் கருதப்படும். கட்டி ஐந்து ஆண்டான கட்டடத்தில் வணிக நிறுவனம் வெளியேறி விலக்கு பெற்ற கல்லூரி ஒன்று வந்தால், மிச்சமுள்ள பதினைந்து பங்கு வரித்துறைக்குத் திரும்பப் போகும். மேற்சொன்ன கணக்கில் அது ஏறத்தாழ 10,93,500 பிராங்க். ஓராண்டு வாடகையைவிட அதிகம்.

பதினாறாம் ஆண்டு

ஒப்பந்தம் முடிகிற நாளில் மூன்றில் ஒன்று நடக்கலாம். நிறுவனம் அதே வாடகைக்குத் தங்கலாம், குறைந்த வாடகை கேட்டுத் தங்கலாம், போய்விடலாம். போய்விட்டால் என்ன ஆகும் என்பதை முதல் நாளே விலையில் சேர்க்க வேண்டும்.

ஒன்றரை ஆண்டு காலியாகக் கிடந்தால் 15 லட்சம் வாடகை இழப்பு. ஒரே நிறுவனத்துக்காக அமைத்த உட்புறத்தைப் பலருக்கு ஏற்றபடி பிரித்து மாற்ற 25 லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 40 லட்சம். இதை 4 விழுக்காடு வட்டியில் பதினைந்து ஆண்டில் சேர்க்க, ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் ஒதுக்க வேண்டும். அப்போது 6,95,000 என்பது 4,95,000 ஆகிறது. விளம்பரத்தின் 4 விழுக்காடு 1.94 ஆகச் சுருங்குகிறது. போவதற்கும் தங்குவதற்கும் சரிபாதி வாய்ப்பு என்று கொண்டாலும் வீதம் 2.33தான்.

இதைவிடப் பெரிய அடி வேறொரு திசையிலிருந்து வரலாம். ஒப்பந்த வாடகை சந்தை வாடகையைவிட மேலே இருந்தால், கட்டடத்தின் விலையில் ஒரு பகுதி காற்றுக்குக் கொடுத்த விலை. சதுர மீட்டருக்கு 200 பிராங்க் கட்டும் நிறுவனத்தைச் சுற்றி, அதே தரத்து இடங்கள் 170க்குக் கிடைக்கின்றன என்று கொள்வோம். பதினாறாம் ஆண்டில் வாடகை 8,50,000. பழகிப்போன கட்டடத்துக்கு, உறுதியான ஒப்பந்தமும் இல்லாத நிலையில், வாங்குபவர் 4.5 விழுக்காடு கேட்டால் விலை 18.9 மில்லியன். பதினைந்து ஆண்டு வாடகை ஒரு நாளும் தவறாமல் வந்திருந்தும் கொடுத்த விலையில் 6 மில்லியன் கரைந்துபோயிருக்கும். தனக்கென்றே கட்டிய கட்டடத்துக்கு நிறுவனம் தரும் வாடகையில், கட்டுமானச் செலவைத் திருப்பிச் செலுத்தும் பங்கும் ஒளிந்திருக்கும். அதை நிலையான வாடகையாக எண்ணி விலை பேசுவதே நீண்ட குத்தகைச் சொத்துகளில் நேரும் மிகப் பெரிய பிழை.

நீட்டிப்பு உரிமை பற்றிய விதி இங்கே முக்கியம். முதல் காலம் முடிந்ததும் மேலும் ஐந்து ஆண்டு, அதற்கும் மேல் ஐந்து ஆண்டு என்று நீட்டிக்கும் உரிமை ஏறத்தாழ எப்போதும் வாடகைதாரருக்கே தரப்படுகிறது. பழைய வாடகையிலேயே நீட்டிக்கலாம் என்று எழுதியிருந்தால், சந்தை ஏறியபோது அவர் தங்குவார். இறங்கியபோது அதைக் காட்டி வாடகையைக் குறைக்கச் சொல்வார். நீட்டிப்பின்போது வாடகையைப் புதிதாகப் பேச வேண்டும் என்று எழுதியிருந்தால் இருவருக்கும் சமநிலை கிடைக்கும். '15 + 5 + 5' என்று குறிப்பேட்டில் அச்சிட்டு 25 ஆண்டு என்று சொல்பவர்கள் உண்டு. உரிமையாளருக்கு அது 15 ஆண்டு மட்டுமே.

நல்ல வாடகைதாரர் என்பவர் யார்

அரசு நிறுவனம் வாடகை கொடுக்காமல் போகாது என்பது சுவிட்சர்லாந்தில் ஏறக்குறைய முழு உண்மை. லுசேர்ண் மாநிலமே அதற்குச் சோதனைக்களமாக இருந்திருக்கிறது. 2016 அக்டோபரில் சிக்கனத்துக்காக மாநில உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒரு வாரம் கூடுதல் விடுமுறை விடப்பட்டது. 2017 மே 21 அன்று வரி உயர்வை வாக்காளர்கள் நிராகரித்தபின், அந்த ஆண்டு செப்டம்பர் வரை மாநிலம் வரவுசெலவுத் திட்டமே இல்லாமல் நடந்தது. அந்த நிலையிலும் ஏற்கெனவே ஒப்பந்தத்தால் கட்டுண்ட செலவுகளுக்குத் தடையில்லை. ஆனால் கட்டாயமற்ற எதையும் புதிதாகத் தொடங்க முடியாது. ஆகவே நெருக்கடி வந்தால் இத்தகைய வாடகைதாரரிடம் ஆபத்துக்குள்ளாவது ஓடிக்கொண்டிருக்கும் வாடகை அல்ல, புதுப்பிப்புதான்.

அரசு வாடகைதாரர் வெளியேறுவதற்கு வறுமை காரணமாக இருக்க வேண்டியதும் இல்லை. 2022 மே 15 அன்று லுசேர்ண் வாக்காளர்கள் எம்மன்புரூக்கவின் சேத்தால்பிளாட்ஸில் மாநில நிர்வாகத்துக்கான மையக் கட்டடம் ஒன்றைக் கட்ட ஏறத்தாழ 177 மில்லியன் பிராங்க் கடப்பாட்டுக்கு ஒப்புதல் அளித்தார்கள். பல இடங்களில் சிதறிய அலுவலகங்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவதும், வாடகை இடங்களை விட்டுவருவதும் அதன் நோக்கம். இதிலுள்ள பொருளியல் தெளிவானது. மாநிலம் கடன் வாங்கும் வட்டி, தனியார் உரிமையாளர் எதிர்பார்க்கும் வருவாயைவிட எப்போதும் குறைவு. எனவே நிரந்தரத் தேவையுள்ள அரசு நிறுவனத்துக்கு, கணக்குப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் சொந்தக் கட்டடமே மலிவாகத் தெரியும். கடன் தரத்தில் மிக உயர்ந்த வாடகைதாரரே வெளியேறும் வசதியும் மிகுந்தவர்.

தனியார் நிறுவனத்தின் பெயரையும் அளவோடு நம்ப வேண்டும். 2012இல் சூரிச்சின் ஊட்லிஹோஃப் அலுவலக வளாகத்தை கிரெடிட் சுவிஸ் வங்கி நார்வே அரசின் முதலீட்டு நிதியத்துக்கு 1 பில்லியன் பிராங்குக்கு விற்று, அதையே 25 ஆண்டுக்குக் குத்தகையாக எடுத்துக்கொண்டது. அப்போது அதைவிட உறுதியான வாடகைதாரரைச் சொல்வது கடினம். 2023 மார்ச் 19 அன்று அந்த வங்கியை யூபிஎஸ் ஏற்றுக்கொள்ளும் முடிவு அறிவிக்கப்பட்டது. 2024 மே இறுதியில் அது தனி வங்கியாக இல்லாமலே போனது. ஒப்பந்தம் புதிய வங்கியின் பொறுப்பாகி, உரிமையாளர் தப்பினார். இணைந்த வங்கிக்கு எத்தனை சதுர மீட்டர் தேவைப்படும் என்பது குத்தகை முடியும்போது தெரியும்.

கடன், வட்டி, விலை

கடனோடு வாங்கும்போது வட்டியின் கை ஓங்குகிறது. 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வங்கி விதிப்படி, வருவாய்ச் சொத்துகளுக்கு விலையில் குறைந்தது கால் பங்கு சொந்தப் பணம் தேவைப்பட்டது. கடனைப் பத்து ஆண்டுக்குள் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைக்கவும் வேண்டியிருந்தது. நமது கட்டடத்துக்கு 15 மில்லியன் கடன், 10.5 மில்லியன் சொந்தப் பணம் என்று கொள்ளலாம். 1.6 விழுக்காட்டில் வட்டி 2,40,000. ஒதுக்கீடுகள் போக மிஞ்சிய 6,95,000இலிருந்து அதைக் கழித்தால் சொந்தப் பணத்துக்கு 4.33 விழுக்காடு. அழகான எண். வட்டி 3 ஆனால் அதுவே 2.33. பதினாறாம் ஆண்டுக்கான இரண்டு லட்சத்தையும் ஒதுக்கினால், மலிவான வட்டியிலேயே 2.43தான் கிடைக்கும்.

சுவிஸ் தேசிய வங்கியின் வட்டி 2015 தொடக்கத்திலிருந்து 2022 வரை பூஜ்யத்துக்குக் கீழே மைனஸ் 0.75 வரை சென்றது. 2023 ஜூனில் 1.75 ஆனது; 2025 ஜூனில் மீண்டும் பூஜ்யம். பத்து ஆண்டுச் சொச்சத்தில் இத்தனை ஏற்ற இறக்கம். அரசுக் கடன் பத்திரம் எதுவுமே தராத நாளில் 3 விழுக்காடு கிடைத்தாலே முதலீட்டாளர்கள் வரிசையில் நின்றார்கள்; பத்திரமே ஒரு விழுக்காட்டுக்கு மேல் தந்த 2022இல் அதே கட்டடத்துக்கு விலை குறைத்துக் கேட்டார்கள். சந்தை கேட்கும் வீதம் 4இலிருந்து 4.5 ஆனால் 25 மில்லியன் 22.2 ஆகும். விலை இறங்கியது 11 விழுக்காடு. கடன் போக உரிமையாளரின் பங்கு 10இலிருந்து 7.2 மில்லியனாக, கால் பங்குக்கும் மேல் இறங்கிவிடும். வாடகை மாறவில்லை; வாடகைதாரர் மாறவில்லை.

சட்டம் வைக்கும் உச்சவரம்பும் ஒன்று உண்டு. அளவுக்கு மீறிய வருவாய் தரும் வாடகை முறையற்றது என்கிறது கடப்பாட்டுச் சட்டம். ஏறத்தாழ பத்து ஆண்டுக்கு உட்பட்ட புதிய கட்டடங்களுக்கு, செலவை ஈடுகட்டும் மொத்த வருவாய் என்ற தனி அளவுகோல் இருக்கிறது. பழையவற்றுக்குச் சொந்த முதலின் நிகர வருவாய் பார்க்கப்படும். வாடகைகளுக்கு அடிப்படையான வட்டி வீதம் 2 விழுக்காட்டுக்கு மேல் போகாதவரை, அதற்கு மேல் 2 விழுக்காடு வரை பெறலாம் என்று 2020இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன் அது அரை விழுக்காடாக இருந்தது. அடிப்படை வட்டி 2025 செப்டம்பரில் 1.25 ஆனதால் வரம்பு 3.25. பெரிய நிறுவனங்களின் குத்தகைகளில் இது பேச்சுவார்த்தையிலேயே தீர்ந்துவிடும். மாணவர் விடுதி போன்ற குடியிருப்புகளில் கவனம் வேண்டும்.

தமிழ் வாசகர் கவனிக்க

வெளிநாட்டவர் சுவிஸில் வீடு வாங்கக் கட்டுப்பாடு உண்டு. தொழில் நடக்கும் கட்டடத்தை வாங்க 1997 முதல் அனுமதி தேவையில்லை. நிரந்தர வதிவிட உரிமை பெற்று அங்கேயே வாழ்பவருக்கு இரண்டிலும் தடையில்லை. ஆனால் தனியார் ஒருவர் முழுக் கட்டடம் வாங்கும் துறை அல்ல இது. உண்மையில் சுவிஸ் ஊழியர்களில் பெரும்பாலோர் தம் ஓய்வூதிய நிதியத்தின் வழியாக இத்தகைய கட்டடங்களில் ஏற்கெனவே பங்காளிகள். அந்த நிதியங்கள் தம் சொத்தில் 30 விழுக்காடு வரை நிலம், கட்டடங்களில் வைக்கலாம். நேரடியாக வேண்டுமானால் பட்டியலிடப்பட்ட சொத்து நிறுவனங்களின் பங்குகள் இருக்கின்றன. அவற்றின் ஆண்டறிக்கையில் குத்தகைகளின் சராசரி எஞ்சிய காலம் அச்சாகியிருக்கும். வீதத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைப் பார்ப்பது நல்லது.

சென்னையிலோ கோவையிலோ கட்டடத்தை வங்கிக்கோ மென்பொருள் நிறுவனத்துக்கோ விடுபவருக்கு எண்கள் வேறு, கேள்விகள் அவையே. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 15 விழுக்காடு உயர்வு என்ற அங்குள்ள வழக்கம் ஆண்டுக்கு 4.8 விழுக்காட்டுக்குச் சமம். சுவிஸ் உரிமையாளர் கனவிலும் காணாத உயர்வு. ஆனால் ஒன்பது ஆண்டு ஒப்பந்தம் என்று தலைப்பில் இருந்தாலும், முதல் மூன்று ஆண்டுக்குப் பிறகு வாடகைதாரர் மட்டும் முன்னறிவிப்புக் கொடுத்து வெளியேறலாம் என்று உள்ளே எழுதியிருப்பது வழக்கம். அப்படியானால் அது உரிமையாளருக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தம். வருவாயை மூன்று ஆண்டுக்கே கணக்கிட வேண்டும்.

சுவிஸ் தமிழருக்கு இந்தச் சந்தையில் இன்னொரு முகமும் உண்டு. அவர்களுடைய கோவில்களும் சங்கங்களும் தாமே நிறுவன வாடகைதாரர்கள். சூரிச்சை அடுத்த அட்லிஸ்வில் சிவசுப்பிரமணியர் கோவில் 1994 முதல் தொழிற்பேட்டைக் கட்டடத்தில் இயங்கிவருகிறது. அப்படி ஆலைக் கூடங்களில் கருவறை எழுப்பிய ஊர்கள் பல. இங்கே உட்புற வேலைக்கான பணம் முழுவதும் பக்தர்களுடையது. கட்டடம் கைமாறினால் வாடகை ஒப்பந்தம் புதிய உரிமையாளரைச் சேரும் என்பது சுவிஸ் சட்டம். ஆனால் தனக்கே அவசரத் தேவை என்று காட்டினால் அவர் ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன்பே விலகச் சொல்லலாம். ஒப்பந்தத்தை நிலப் பதிவேட்டில் குறிப்பிட்டுவிட்டால் அந்த வழி அடைபடும். வாடகைதாரர் தன் செலவில் செய்த மேம்பாட்டுக்கு இறுதியில் இழப்பீடு கேட்கும் உரிமையும் சட்டத்தில் உண்டு. அதைக் கைவிடுவதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் அந்த உரிமை போய்விடும். பத்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையில் கையெழுத்திடப்போகும் எந்தச் சங்கமும் இந்த இரண்டையும் ஜெர்மன் மூலத்தில், வழக்கறிஞர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துவிட்டே பேனாவை எடுக்க வேண்டும்.